ராக்கெட் ஏறும் மணல் தீவு



2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்ணில் ஏறியதைப் பார்த்தீர்கள் அல்லவா? அது கிளம்பிய ஸ்ரீஹரிகோட்டா, திருப்பதி மாவட்டத்துக் கரையோரத் தீவு. விஜயபுரம், நகரி, பிச்சாட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு அது அயலூர் அல்ல. ஆற்று வழியே உறவுள்ள ஊர்.

தீவின் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பழவேற்காடு ஏரி. கடலலை குவித்த மணலால் உண்டான தீவு இது. ஏரிக்கு முகத்துவாரம் வழியே கடலின் உப்புநீர் வருகிறது. ஆரணியாறும் காளங்கி ஆறும் மழைநீரைக் கொண்டுவருகின்றன. ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாக ஏரியை அடைகிறது. இரு நீரும் கலப்பதால்தான் அங்கே இறாலும் நண்டும் மீனும் செழிக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் இரை தேடி வருகின்றன. அருகே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

ஏரியின் தென்கரையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டித் துணி வாணிபம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் காணலாம். பிற்காலத்தில் தீவின் காட்டு விறகு, கால்வாய்ப் படகுகளில் சென்னை அடுப்புகளுக்குப் போனது.

1969இல் ராக்கெட் தளத்துக்கு இத்தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் என்ன? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகமும் ராக்கெட்டுக்குக் கிடைக்கும். பழுதாகி விழுந்தாலும் கடலில் விழும். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ராக்கெட் பறந்தது.

ஆனால் தீவு அதற்குமுன் வெறுமையாக இருக்கவில்லை. யானாதி மக்கள் காட்டுக் கிழங்கும் தேனும் மூலிகையும் மீனும் கொண்டு வாழ்ந்த இடம் அது. தளம் வந்தபோது பலர் இடம்பெயர்ந்தார்கள். ஊர் விட்டு வந்த நமக்கு அந்த வலி புரியும்.

இன்று ஏரிக்கும் ஒரு வலி உண்டு. முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது. வண்டல் சேர்ந்து ஆழம் குறைகிறது. ஆற்றுநீர் குறைந்தாலும் கடல்நீர் நின்றாலும் மீனவர் வலை வெறுமையாகும். மேலே நாம் ஆற்றில் எறியும் குப்பையும் கீழே ஏரிக்குத்தான் போகும். ராக்கெட்டைக் கண்டு பெருமைப்படும் நாம், அதன் காலடியில் உள்ள நீரையும் காக்கவேண்டும்.

பயிற்சி:
1. ஏரிக்கு நீர் தரும் இரண்டு ஆறுகள் எவை?
2. ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவுவது ஏன்?
3. உங்கள் ஊர் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது? தாத்தா பாட்டியிடம் கேட்டு, படம் வரையுங்கள்.