மூச்சு முந்துமா, மூட்டு முந்துமா: வீட்டுக்கான கார்டியோ இயந்திரத் தேர்வு

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு கார்டியோ இயந்திரம் வாங்க முற்படுவோர் கடையில் முதலாவதாகக் கேட்பது, எதில் அதிகக் கலோரி எரியும் என்பதையே. கேட்கத் தகாத கேள்வியன்று. ஆயினும் அதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டியது வேறொன்று உண்டு. ஓர் இயந்திரத்தின்மேல் இருபது நிமிடம் உழைக்கும்போது உடலில் முதலில் தளர்வது மூச்சா, தொடையா, முழங்காலா, இடுப்பா என்பதே அது. மூச்சு முதலில் வாங்கினால் அந்த இயந்திரம் அவருக்கு உகந்தது. மூச்சு சீராக இருக்கும்போதே ஒரு தசையோ மூட்டோ போதும் என்று நிறுத்தச் சொன்னால், அதன் விலையும் வசதிகளும் எவ்வளவு உயர்ந்தவையாயினும் அது அவருக்குரிய இயந்திரமன்று, அல்லது அதைப் பயன்படுத்தும் முறையில் திருத்தம் தேவைப்படுகிறது.

இதன் காரணம் கார்டியோ என்ற பயிற்சியின் இயல்பிலேயே உள்ளது. இருதயமும் நுரையீரலும் இரத்த நாளங்களும் சேர்ந்து, உழைக்கும் தசைகளுக்குத் தொடர்ந்து ஆக்சிஜன் கொண்டுசேர்க்கும் திறனை வளர்ப்பதே அதன் நோக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ பரிந்துரைக்கிறது. இந்த அளவை வாரந்தோறும் எட்ட வேண்டுமானால் ஒரே தசைத்தொகுதி வேலை முழுவதையும் சுமக்கக் கூடாது. உச்ச உழைப்பின்போது ஒருவர் ஒரு நிமிடத்தில் உட்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் அதிகபட்ச அளவு உடலியங்கியலில் ‘உச்ச ஆக்சிஜன் ஏற்பு’ எனப்படும். மிதிவண்டி ஓட்டிப் பழகாத ஒருவரை டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் ஏற்றித் தனித்தனியே அளந்தால், சைக்கிளில் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை குறைவாக இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. இருதயம் தன் எல்லையை எட்டுவதற்கு முன்பே தொடைகள் கைவிட்டுவிடுவதால் நேரும் வேறுபாடு அது.

டிரெட்மில்லைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் கியூபிட் 1818 அளவில் சிறைக் கைதிகளை உழைக்க வைப்பதற்காக வடிவமைத்த மிதிசக்கரத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பதைக் கேட்டால், அதிகாலையில் அதன்மேல் ஏறுவோர் பலர் வியப்படைய மாட்டார்கள். நம் மருத்துவமனைகளில் ‘டி.எம்.டி.’ என்று வழங்கும் இருதயப் பரிசோதனை, அமெரிக்க இருதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையைப் பெரும்பாலும் பின்பற்றுகிறது. அதில் மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை உழைப்பு கூட்டப்படுகிறது. முதற்கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் மட்டுமே, ஆனால் ஏற்றம் 10 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டரும் 12 விழுக்காடும். வீட்டுப் பயிற்சிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: இருதயத்தை உழைக்க வைக்க ஓட வேண்டியதில்லை, ஏற்றத்தில் நடந்தாலே போதும். 5 விழுக்காடு ஏற்றம் என்பது 100 மீட்டர் முன்னேறும்போது 5 மீட்டர் உயர்வதற்குச் சமமான சாய்வு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்னும் அமைப்பின் சூத்திரப்படி கணக்கிட்டால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடப்பவரைவிட, அதே வேகத்தில் இந்த ஏற்றத்தில் நடப்பவர் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாக ஆக்சிஜன் செலவிடுகிறார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஏற்ற நடையில் அந்த மோதல் நேர்வதில்லை.

ஆகவே டிரெட்மில் வாங்குவோர் உச்ச வேகம் 14 கிலோமீட்டரா 18 கிலோமீட்டரா என்று ஒப்பிடுவதில் காட்டும் அக்கறையை, ஏற்றம் பொத்தானை அழுத்தினால் மாறுகிறதா, கையால் மாற்ற வேண்டியதா என்பதில் காட்டுவது பயன்தரும். விலை குறைந்தவற்றில் பின்புறத்துக் கால்களைக் குனிந்து கையால் திருப்பி வைத்தால்தான் சாய்வு மாறும். நடந்துகொண்டிருப்பவர் இறங்கி, இயந்திரத்தைத் தூக்கி, அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஏற்றத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றிப் பின்னால் சாய்ந்து நடப்பதும் பரவலாகக் காணப்படும் வழக்கம். உடலின் எடையில் ஒரு பங்கைக் கைகள் தாங்கிக்கொள்வதால் ஏற்றத்தின் பயன் பெரிதும் கரைந்துபோகிறது. திரையோ பற்றாமல் நடப்பவருக்குரிய கலோரிக் கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். திரையின் கலோரி எண்ணை நம்பித் தேர்வு செய்யலாகாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

மோட்டாரின் குதிரைத்திறனிலும் கவனம் தேவை. விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் ‘பீக்’ திறன், அதாவது சில நொடிகளுக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். இடைவிடாமல் தரக்கூடிய ‘கன்டினியூவஸ்’ திறன் அதில் பாதியளவே இருக்கலாம். நடப்பதற்கு இடைவிடாத் திறன் ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறனும், எடை மிகுந்தவர் ஓடுவதற்கு இரண்டரைக்கு மேலும் இருப்பது நல்லது. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், கைப்பேசிக்கு மின்னேற்றும் சாதாரணப் பிளக்கில் இதைச் செருகுவது சரியன்று; எர்த் இணைப்பு ஒழுங்காக உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் அந்த அறையில் உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பெல்ட்டுக்கும் அதன் அடியிலுள்ள பலகைக்கும் இடையே இடவேண்டியது சிலிக்கோன் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டால் தூசு ஒட்டிப் பெல்ட் இறுகும், மோட்டார் சூடேறும். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின் உருளையின் இருபுறமும் உள்ள திருகுகளை ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திருப்பி, சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டே மறுபடி திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முழுச் சுற்றாகத் திருப்புவோர் மெக்கானிக்குக்குச் செலவழிக்க நேர்கிறது.

சைக்கிளுக்கு மின்சாரச் சிக்கலும் இடச் சிக்கலும் குறைவு. மின்வெட்டிலும் அது நிற்பதில்லை. நிமிர்ந்து அமரும் சாதாரண வகை, முதுகு சாய்த்துக் கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் வகை, கனத்த சுழல்சக்கரம் கொண்டு முன்குனிந்து ஓட்டும் ஸ்பின் வகை என இது மூன்று விதமாகக் கிடைக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளோருக்கும், நடையில் தடுமாறும் முதியோருக்கும் ரிகம்பென்ட் ஏற்றது. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்களுக்கும் டிரெட்மில்லைவிட சைக்கிளே பாதுகாப்பானது, ஏனெனில் எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்புக்குப் பழகிய பாதம் பெல்ட்டின்மேல் உராய்ந்து கொப்புளம் கண்டாலும் அவர்களுக்கு உடனே தெரியாது. மறுபக்கத்தில், சைக்கிள் உடல் எடையை எலும்புகளின்மேல் ஏற்றுவதில்லை என்பதால், எலும்பு அடர்த்தி குறையும் வயதுப் பெண்கள் அதை மட்டுமே நம்பியிராமல் நடையையும் சேர்த்துக்கொள்வது விரும்பத்தக்கது.

சைக்கிள் ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்வோரில் பலருக்கு உண்மையான காரணம் இருக்கையின் உயரமே. மிதி கீழ்க்கோடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கையில் மூட்டில் சிறு மடிப்பு எஞ்சும். தரையில் கால் எட்ட வேண்டும் என்ற அச்சத்தால் இருக்கையைத் தாழ்த்தி வைப்போரிடம் மூட்டு அளவுக்குமேல் மடங்கி, முழங்காற்சில்லின் பின்புறம் அழுத்தம் கூடுகிறது. தொடை முந்திச் சோர்வதற்கும் ஒரு பரிகாரம் உண்டு. எதிர்ப்பைக் குறைத்து, நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வரை வேகமாக மிதித்தால் ஒவ்வொரு மிதிப்புக்கும் தேவையான விசை குறைந்து, வேலை தொடையிலிருந்து மூச்சுக்கு இடம்பெயர்கிறது. எதிர்ப்பைக் கூட்டி மெல்ல மிதிப்பதே கடும்பயிற்சி என்ற எண்ணம் பரவலாக உள்ளது; வீட்டுச் சைக்கிள்கள் கைவிடப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை. எதிர்ப்பைத் தரும் அமைப்பைப் பொறுத்தவரை, சக்கரத்தில் உரசும் கம்பளித் திண்டு காலப்போக்கில் தேய்ந்து கிறீச்சிடும். காந்த வகையில் சுழலும் உலோகச் சக்கரத்துக்கு அருகே காந்தம் நகர்ந்து, சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிச் சக்கரத்தைத் தொடாமலே தடுப்பதால் தேய்மானமும் ஓசையும் இல்லை. அடுக்குமாடியில் விடியற்காலையில் பயிற்சி செய்வோருக்குக் காந்த வகையே நல்லது.

எலிப்டிகல் என்பது பாதம் மிதியைவிட்டு எழாமலே நீள்வட்டப் பாதையில் நடப்பது போன்ற அசைவைத் தரும் இயந்திரம். 1990-களின் நடுவில் அமெரிக்க நிறுவனமான பிரிகோர் வெளியிட்ட மாதிரிக்குப் பின்பே பரவலாயிற்று. மூட்டில் மோதல் இல்லை, கைகளும் உழைக்கின்றன. ஆனால் மலிவான மாதிரிகளில் அடியின் நீளம் மிகக் குறுகியிருப்பதால் உயரமானவர்களுக்கு அது நடை போலன்றிப் படியேறுவது போலாகிவிடும். வாங்கியபின் பலர் கண்டுபிடிக்கும் இடையூறு தலைக்கு மேலே இருக்கிறது: மிதி உயரும்போது நிற்பவர் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை மேலே போகிறார், சீலிங் ஃபேனின் இறக்கைகளோ பல வீடுகளில் தரையிலிருந்து எட்டடி உயரத்தில்தான் சுழல்கின்றன.

ரோயிங் மெஷின் எனப்படும் துடுப்பு வலிக்கும் இயந்திரம் முறை தெரிந்தவருக்கு இவை அனைத்திலும் நிறைவானது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து நிறுவனமான கான்செப்ட்2 1981-இல் வெளியிட்ட காற்றுச்சக்கர மாதிரியே இன்றைய வடிவங்கள் பலவற்றுக்கு முன்னோடி. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பைக் காற்று தரும். முதலில் கால்கள் தள்ள வேண்டும், அடுத்து முதுகு பின்சாய வேண்டும், கடைசியில் கைகள் இழுக்க வேண்டும். திரும்பும்போது இந்த வரிசை தலைகீழாகும். பழகாதவர்கள் கைகளால் தொடங்கி, முதுகை வளைத்து இழுப்பதால் மூச்சு வாங்குவதற்கு முன்பே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. காற்று நுழையும் திறப்பைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலை 10-இல் வைத்தால் பயிற்சி கூடும் என்பதும் பிழையான எண்ணமே. தொடங்குவோருக்கு 3 முதல் 5 வரை போதும். டிஸ்க் கோளாறு உள்ளவர்களும், தொந்தி குறுக்கிட்டு முழங்காலை மார்பருகே கொண்டுவர இயலாதவர்களும் முதல் இயந்திரமாக இதை வாங்காதிருப்பது மேல்.

உழைப்பின் அளவை அறிய 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்ச நாடித்துடிப்பாகக் கொள்வது வழக்கம். இது ஒரு சராசரி மட்டுமே, தனிமனிதரிடம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆகலாம். இரத்த அழுத்தத்துக்காக அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை உட்கொள்வோரின் நாடித்துடிப்பை மருந்தே அடக்கி வைத்திருப்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்கு சற்றும் பொருந்தாது. மூச்சையே அளவாகக் கொண்டால், பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற நிலையே மிதமான உழைப்பு. நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான உழைப்பு. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ உணர்ந்தவர்கள் இயந்திரம் வாங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை. அறையின் வெக்கையும் கணக்கைக் குலைக்கும். வெளியே நடப்பவருக்குத் தம் வேகமே காற்றைத் தருகிறது; நான்கு சுவருக்குள் ஓரிடத்தில் உழைப்பவருக்கு அது இல்லாமையால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து, உழைப்பு மாறாதபோதும் நாடித்துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஜன்னலருகே இயந்திரத்தை வைத்து, மேசை விசிறி ஒன்றை முகத்துக்கு நேராக ஓடவிடுவது, விலையுயர்ந்த திரை வசதிகளைவிட அதிக நிமிடங்களை ஈட்டித் தருகிறது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் டிரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியைப் பயிற்சி முடிந்தவுடன் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 2021 மே மாதத்தில் தன் ‘டிரெட் பிளஸ்’ இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது, குழந்தைகள் பெல்ட்டின் பின்புற அடியில் இழுக்கப்பட்டதும் ஓர் உயிர் போனதும் பதிவான பின்னரே.

தேர்வைச் செய்துபார்க்கும் வழி எளியது. அருகிலுள்ள ஜிம்மில் ஒரு மாதம் சேர்ந்து, ஒவ்வோர் இயந்திரத்திலும் வெவ்வேறு நாள்களில் இருபது நிமிடம் செலவிட்டு, அப்போது முதலில் தளர்ந்தது எது, மறுநாள் காலையில் படி இறங்கும்போது வலிப்பது எது என்பவற்றைக் குறித்துக்கொண்டால் இரண்டு இயந்திரங்கள் தாமாகவே விலகிவிடும். பெருநகரங்களில் டிரெட்மில்லும் சைக்கிளும் மாத வாடகைக்கும் கிடைக்கின்றன. பழையதை வாங்குவோர் கடைக்காரர் ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுவதோடு நின்றுவிடாமல், தாமே ஏறிப் பதினைந்து நிமிடம் ஏற்றத்தில் நடந்து, மோட்டார் சூடேறியபின் கருகல் வாடை வருகிறதா, காலை அழுத்தி ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் நின்று நழுவுகிறதா என்று பார்ப்பதோடு, அந்த மாதிரிக்கான கன்ட்ரோல் போர்டு இப்போதும் கிடைக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். போர்டு கிடைக்காத மாதிரியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது.