விளையாட்டுச் செங்கல்லாற் கட்டுதல்

மணலிலே சிற்றில் இழைத்தல் நம் முன்னோர் அறிந்த விளையாட்டேயாகும். சிறுமியர் இழைத்த சிற்றிலைச் சிதையாதே என வேண்டுதற்கென்றே ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் உண்டு. ஆலங்குடாக் கடலோரத்துச் சிறுவர் இன்றும் மணல்வீட்டைக் கைவிட்டாரல்லர். ஆயின் அஃது அலைக்கு நில்லாது. டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனம் 1958ஆம் ஆண்டு காப்புரிமை கோரிய குமிழ்ச் செங்கல்லோ ஒன்றையொன்று பற்றி நிற்கும்.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரேநிறச் செங்கற்கள் இரண்டினை 24 வகையாகவும், ஆறினை 915,103,765 வகையாகவும் இணைக்கலாமெனக் கணித அறிஞர் கண்டுள்ளனர். இவ்வளவு இருக்க, பெட்டியினுள் வரும் படத்தாளைப் பார்த்து ஒன்றையே கட்டி அலுமாரியில் வைப்பது, நெட்டுருப் பண்ணிய கட்டுரையை ஒப்புவிப்பது போன்றதே. தமிழாசிரியராகிய நமக்கு அவ்வுவமையே முதலில் தோன்றுகின்றது.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் கற்பிட்டிக் கோட்டையைக் கட்ட முயன்றோம். 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய அக்கோட்டைக்குப் படத்தாள் ஏது? கட்டத்தாளில் நாமே வரைந்துகொண்டோம். முதல் மதில் நினைத்ததிலும் நெடிதாய் நின்றது. காரணம் பின்னரே விளங்கிற்று: குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீற்றர், செங்கல்லின் உயரமோ 9.6 மில்லிமீற்றர். ஆகவே 5 வரிசை உயரம் 6 குமிழ் நீளத்துக்குச் சமமாகும். வரைபடத்தைத் திருத்தினோம்.

மூலைக் கொத்தளம் இருமுறை பிளந்து வீழ்ந்தது. மேல்வரிசைப் பொருத்து கீழ்வரிசைப் பொருத்துக்கு நேரே அமைந்தமையே குற்றம். மேசன்மார் பொருத்து மாற்றி அடுக்குவதை மாணவன் ஒருவனே நினைவூட்டினான். மூன்றாம்முறை நின்றது.

நிறந்தான் பொருந்தவில்லை, கைவசமிருந்தவை சிவப்பும் நீலமுமே. நீலக் கொத்தளத்தைக் கண்டு நகைத்தோரும் உளர். மாணவரோ அதனைப் பிரிக்க இன்னும் இசைந்தாரில்லை.