பி.ஆர்.ஓ. ஆக விரும்பும் மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ மக்கள் தொடர்புத் துறைக்குப் போவதென்று முடிவு செய்திருப்பதை அக்கா போனில் சொன்னாள். "பேச்சு நல்லா வருது, யார்ட்டயும் சட்டுனு பழகிருவா, அந்த வேலைக்குச் சரியா இருப்பா" என்றாள். அவள் சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். பேச்சு உதவும், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் இருந்தபோதும், பிறகு கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக, அதாவது பி.ஆர்.ஓ.வாக இருந்தபோதும், இந்தத் தொழிலில் நிலைத்து நின்றவர்கள் என்று நான் கண்டது தெளிவாக எழுதத் தெரிந்தவர்களையும் சரிபார்த்த தகவலை மட்டுமே தந்தவர்களையும்தான். வேலையில் சேர்ந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ள யாரும் அவகாசம் தர மாட்டார்கள். பி.காம். முடிய உனக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதற்காகத்தான் போனில் இரண்டு வார்த்தை சொல்லி விடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பி.ஆர்.ஓ. என்றதும் நம் ஊரில் சினிமாதான் நினைவுக்கு வரும். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்றவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' 1958-ல் வந்தபோது அந்த வேலையைச் செய்தார். அவர் பெயர் நிலைத்ததற்கு அது மட்டும் காரணமல்ல. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, யார் தயாரித்தார், யார் இயக்கினார், யார் நடித்தார் என்று தமிழ்ப் படங்களின் விவரங்களையும் ஸ்டில்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். சினிமா பற்றி எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம் போவான்; சரியான விவரத்தோடு திரும்புவான். நிருபர் தானாக உன்னைத் தேடி வர வேண்டும் என்றால் அவருக்குத் தேவையான தகவல் உன்னிடம் இருக்க வேண்டும், அது தப்பாக இருக்கக் கூடாது. 2016-ல் ஆனந்தன் மறையும் வரை அவருக்கு இருந்த மதிப்பு அதனால் வந்தது.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? முதலில் தினமும் ஒரு தமிழ் நாளிதழையும் ஓர் ஆங்கில நாளிதழையும் அச்சில் படி. போனில் படிப்பது போதாது. எந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, எது உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்தியாகச் சுருங்கியது, எது வரவே இல்லை என்பது அச்சுப் பக்கத்தில்தான் தெரியும். ஒரே செய்தியை இரண்டு பத்திரிகைகளும் எங்கே தொடங்குகின்றன என்று பார். தினத்தந்தியை 1942-ல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் உங்கள் பக்கத்துக் காயாமொழிக்காரர். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். தம் நிருபர்களுக்காக அவர் எழுதிய 'இதழாளர் கையேடு' கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படி. பெரிய பெரிய மேலாண்மைப் புத்தகங்களைவிட உனக்கு இப்போது அது பயன்படும்.

பிறகு எழுது. உங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் ரத்த தான முகாம் நடத்துகிறது, பட்டமளிப்பு விழா நடக்கிறது, துறையில் கருத்தரங்கு நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் பத்திரிகைக்குச் செய்தி யாரோ அனுப்புகிறார்கள். அந்த வேலையை நீ கேட்டு வாங்கு. முதலில் எல்லோரும் "முதல்வர் தலைமை தாங்கினார், துறைத் தலைவர் முன்னிலை வகித்தார், பேராசிரியர் வரவேற்றார்" என்று தொடங்கி, கடைசி வரியில்தான் எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்று எழுதுவார்கள். நீ அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்கு. எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போனது, முதன்முறை கொடுத்த மாணவிகள் உண்டா என்பதுதான் செய்தி. தலைமையும் முன்னிலையும் கீழே வரட்டும். முதல்வருக்குக் கொஞ்சம் வருத்தம் வரலாம். அவரிடம் பொறுமையாகக் காரணம் சொல்லிச் சம்மதம் வாங்குவதும் இந்தத் தொழிலில் பாதி வேலை. நாளைக்கு எம்.டி.யிடமும் இதையே செய்வாய்.

அனுப்புவதற்கு முன் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார். இனிஷியல் தப்பினால் அது வேறு ஆளாகிவிடும். புகைப்படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுது. மாவட்டப் பதிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். காலை பதினொரு மணிக்கு நடந்த நிகழ்ச்சியின் குறிப்பை இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊர் நிருபர்கள் எத்தனை மணிக்குச் செய்தி அனுப்பி முடிப்பார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள். மறுநாள் பத்திரிகையில் உன் குறிப்பில் எது நின்றது, எது வெட்டுப்பட்டது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அதைவிட நல்ல ஆசிரியர் உனக்குக் கிடைக்க மாட்டார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே, சென்னைப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா என்று நீ பயப்படுவதாக அக்கா சொன்னாள். ஆங்கிலத்தைக் கட்டாயம் பழகு. அது இல்லாமல் கம்பெனி வேலை நடக்காது. ஆனால் உன் தமிழைக் குறைவாக நினைக்காதே. மும்பையிலும் குருகிராமிலும் பெங்களூரிலும் ஆங்கிலத்தில் எழுதி, அவசரமாகத் தமிழாக்கி அனுப்பும் செய்திக்குறிப்புகள் தமிழ்ப் பத்திரிகை மேஜைகளுக்குத் தினமும் வருகின்றன. படித்தால் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாது. உதவி ஆசிரியர் இரண்டு வரி பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார். பாளையங்கோட்டையில் படித்த ஒரு பெண், அதே விஷயத்தை நம் ஊர் வாசகருக்குப் புரியும் தமிழில் எழுதித் தந்தால் அது அச்சாகும். இரண்டு மொழியிலும் நேரடியாக எழுதக்கூடியவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு. உன் இடம் அங்கே காலியாக இருக்கிறது.

எழுதத் தெரிந்தால் மட்டும் ஆகாது, மக்களையும் தெரிய வேண்டும். திங்கட்கிழமைகளில் உங்கள் மாவட்டத்தின் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை போய் மனு எழுதும் இடத்தருகே நின்று கேள். ஒரு பட்டா மாறுதலுக்கு எத்தனை தடவை அலைந்தேன் என்று ஓர் அம்மா சொல்வதில், ஓர் அலுவலகத்தின் மீது நம்பிக்கை எப்படிப் போகிறது என்பது முழுக்க இருக்கும். அங்கேயே செய்தி மக்கள் தொடர்பு அலுவலகமும் உண்டு. அரசு இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

நடந்த கதைகளையும் படி. 2003 அக்டோபரில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்தது என்று மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது. கடைக்காரர்கள் சரியாகச் சேமிக்காததால் வந்த கோளாறு என்று கம்பெனி முதலில் சொல்லிப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை, விற்பனை சரிந்தது. பிறகு கடைகளில் சேமிப்பைக் கண்காணிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2004 தொடக்கத்தில் உறையையே மாற்றினார்கள். அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து நம்பச் சொன்னபோது, அதற்கு ஆதாரமாகக் காட்ட அந்தப் புது உறை இருந்தது. உறை மாறாமல் அவர் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யச் சொல்லி உள்ளே வாதாடுவதும் பி.ஆர்.ஓ.வின் வேலைதான்.

இப்போது கசப்பான விஷயம். செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் பணம் வைத்த கவர் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உன் கையால் அதைக் கொடுக்காதே. கவர் வாங்கி எழுதுகிறவர் அடுத்த கவருக்கு உனக்கு எதிராகவும் எழுதுவார். வாங்காத நல்ல நிருபர் உன்னை மதிக்கவே மாட்டார். சமூக வலைதளங்களில் போலிக் கணக்குகளை வைத்து ஆள் சேர்ப்பது, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் மேல் ஏவுவது, இவையும் இன்று மக்கள் தொடர்பு என்ற பெயரில் நடக்கின்றன. லண்டனில் பெல் பாட்டிஞ்சர் என்று ஒரு நிறுவனம் இருந்தது, உலக அளவில் பேர் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் கம்பெனிக்காக இனப் பகையைத் தூண்டும் பிரசாரம் செய்தது என்று 2017-ல் பிரிட்டனின் மக்கள் தொடர்பு சங்கமே அதை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சில நாட்களில் நிறுவனம் திவால் நிலைக்குப் போனது. அங்கே வேலை பார்த்த இளைஞர்களில் பலருக்கு அந்தப் பிரசாரத்தோடு சம்பந்தமே இருந்திருக்காது. ஆனாலும் வேலை போயிற்று. எந்த நிறுவனத்தில் சேர்கிறாய் என்பதை அவ்வளவு கவனமாகப் பார்.

படிப்பைப் பற்றி அக்கா கேட்டாள். பி.காம். இந்த வேலைக்குக் குறையே இல்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்து லாப நட்டம் சொல்லத் தெரிந்த பி.ஆர். ஆள் அரிது, அந்தப் பாடங்களை விட்டுவிடாதே. முதுகலைக்கு உங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தொடர்பியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் இருக்கிறது. டெல்லிக்குப் போக மனமிருந்தால், 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் விளம்பரத்தோடு சேர்த்து மக்கள் தொடர்பைக் கற்கலாம். எங்கே சேர்ந்தாலும் அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையை உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் கழித்துவிடு. சம்பளம் தர மாட்டார்கள், பரவாயில்லை. செய்தி வாங்கும் பக்கத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தவருக்குத்தான் செய்தி அனுப்பும் விதம் பிடிபடும்.

இந்த மாதம் உங்கள் கல்லூரியில் நடக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பக்கத்தில் செய்திக்குறிப்பு எழுது. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஒன்றை மற்றதிலிருந்து மொழிபெயர்க்காமல் தனித்தனியாக எழுது. இரண்டையும் எனக்கு அனுப்பு. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். திருத்தம் நிறைய இருந்தால் மனம் சோர்ந்துவிடாமல் அடுத்ததை எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா