ஆற்றின் வாயை அடைப்பது யார்?

நமது திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேறியது. தென்பெண்ணையில் பாய்ந்த அவ்வெள்ளம் கடலூர் அருகே கடலைச் சேர்ந்தது. இத்தகைய வெள்ளம் முகத்துவாரத்து மணலைத் தானே அரித்துத் தள்ளிவிடும். ஆனால் வெள்ளமற்ற மாதங்களில் நடப்பது என்ன?

கடலலை கரையில் சாய்வாக மோதுகிறது. மணலைச் சாய்வாகவே மேலேற்றி, நேராகக் கீழிறக்குகிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர்கிறது. சென்னைக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கேயும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கேயும் நகரும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. வழியில் வலுவற்ற ஆறு ஒன்று குறுக்கிட்டால், அதன் வாயில் மணல்திட்டு எழும்பிவிடும்.

தூர்வாரினால் போதாதா? போதாது. மணல் வரத்து நிற்காததால் பள்ளம் மீண்டும் நிரம்பிவிடும். ஆகவே வாயின் இருபுறமும் கருங்கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டுகிறார்கள். இவை மணலைத் தடுப்பதோடு நீரோட்டத்தையும் குறுக்குகின்றன. அகலம், ஆழம், வேகம் மூன்றின் பெருக்கமே விநாடிக்குப் பாயும் நீரின் அளவு. அந்த அளவும் ஆழமும் மாறாமல் அகலம் பாதியானால், வேகம் இருமடங்காகும். மணலைப் புரட்டும் விசையோ ஏறத்தாழ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது நான்கு மடங்காகும்! ஆறே தன் வாயைத் துப்புரவு செய்துகொள்ளும்.

ஆனால் சுவர் தடுத்த மணல் எங்கோ குறைந்தாக வேண்டுமல்லவா? 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணியே இதற்குச் சான்று. துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியைக் கடல் அரித்தது. துறைமுகத்தின் தென்புறம் கடலைச் சேரும் கூவத்தின் வாயோ அடிக்கடி அடைபடலாயிற்று. வாய் அடைபட்டால் கழிவுநீர் தேங்கும். பெருமழையில் வெள்ளம் வடியத் தாமதமாகும்.

இதற்கு வழி, வாரிய மணலை வீணாக்காமல் அரிக்கப்படும் கரையில் சேர்ப்பதே. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தோண்டிய மணலைக் கடற்கரைக்கு அளிக்கிறார்கள்.

மணலின் பயணத்தை நாம் நிறுத்த முடியாது. நாம் மறித்த இடத்திலிருந்து அதை எடுத்து, அது போகவேண்டிய இடத்தில் சேர்ப்பது நம் கடமையாகும்.