நூறு வயது வரை காத்திருக்க முடியுமா?

கேள்வி: சுலோச்சன முதலியார் பாலத்தைப் பாரம்பரியம் என்கிறோம். நம்ம ஊர் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அந்த மரியாதை கிடைக்காதா?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: தொல்லியல் சட்டத்தை நம்பினால் கிடைக்காது. அதன் கணக்கில் நினைவுச்சின்னத்துக்குக் குறைந்தது 100 வயது ஆக வேண்டும். 1843-இல் திறந்த முதலியார் பாலம் தேறிவிடும். 1973-இல் திறந்த திருவள்ளுவர் பாலம், அதாவது நீங்கள் கேட்கும் ஈரடுக்கு மேம்பாலம், இன்னும் பொடிசு! டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் அரங்கு 1972-இல் வந்தது. பாரம்பரியப் பட்டியலுக்கு அங்கே கேட்ட 60 வயதுகூட ஆகவில்லை என்று கைவிரித்தார்கள். 2017-இல் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தும் விட்டார்கள்.

கான்கிரீட் நூறு வயது வரை பொறுக்காது என்பதுதான் என் கவலை. ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேலே இருக்கும் கான்கிரீட் சில்லுசில்லாகப் பெயரும். அதன் மேல் பெயின்ட் அடிப்பது அமைச்சர் வருகைக்கு உதவும், பாலத்துக்கு உதவாது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே புதுக் கலவை வைக்க வேண்டும்.

இப்போதைக்கு, மழைநீர்க் குழாய் அடைப்பு, இடுக்கில் முளைத்த அரசங்கன்று இரண்டையும் போட்டோ எடுத்து மனு நீதி நாளில் கொடுங்கள்.