'பிழை' என்றால் மட்டும் போதுமா?

நம்ம விருத்தாசலத்து செராமிக் லேபில் டைலை உலர்த்தி எடை போடுகிறோம். ஊறவைத்து மறுபடி போடுகிறோம். கூடின எடையை உலர் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் நீர் உறிஞ்சல் சதவீதம். 200 கிராம் 202 ஆனால், 1.0.

இதுக்கு ஒரு பைத்தான் புரோகிராம் எழுதி, விடை 1.0 தானா என்று 'அசெர்ட்' வைத்துச் சோதிக்கலாம். தப்பினால் வெறும் அசெர்ட், வரி எண்ணைக் காட்டி 'அசெர்ஷன் எரர்' என்பதோடு சரி. அதையே 'பைடெஸ்ட்' மூலம் ஓட்டினால் வந்த விடையும் தெரியும். 0.99 சொச்சம் என்றால் யாரோ ஈர எடையால் வகுத்திருக்கிறார்கள். 0.01 என்றால் நூறால் பெருக்கவில்லை. எண்ணே காரணத்தைச் சொல்லிடும்!

வீட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளில்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். அசெர்ட் வரியில் கமா போட்டு, 'உலர் எடையால் வகுத்தீர்களா?' என்று தமிழிலேயே எழுதுங்கள். பைத்தான் 3 அப்படியே காட்டும்.