பொதுத்தேர்வுப் பதற்றம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிவிட்டால், பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளின் போக்கே மாறிவிடும். டிவி அணைந்துவிடும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் மட்டும் போய் வருவார். எல்லாம் பிள்ளையின் நன்மைக்காகத்தான். ஆனால் அந்த அக்கறையோடு சில தவறான நம்பிக்கைகளும் கலந்து, பிள்ளையின் பாரத்தை இரட்டிப்பாக்கிவிடுகின்றன.

நம்பிக்கை: பயம் இருந்தால்தான் பிள்ளை படிக்கும்.

உண்மை: தேர்வுக்கு முன் லேசான படபடப்பு எல்லோருக்கும் வரும், அது கவனத்தைக் கூட்டவும் செய்யும். அளவு மீறினால் கெடுதல். ஒரு கணக்கைப் போடும்போது எண்களையும் அடுத்தடுத்த படிகளையும் மனத்தில் தற்காலிகமாக வைத்திருக்க வேண்டும். ‘ஃபெயிலானால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்’ என்ற கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் தடங்கலின்றிப் போட்ட கணக்கு தேர்வறையில் பாதியில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிரட்டினால் பிள்ளை புத்தகத்தின் முன் உட்காரும். உட்காருவதெல்லாம் படிப்பாகிவிடாது.

நம்பிக்கை: நள்ளிரவு வரை படித்து, நாலு மணிக்கு எழுந்தால் நல்ல மார்க் வரும்.

உண்மை: 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சற்றுத் தாமதமாகவே சுரக்கிறது. இரவில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் பிள்ளை காலையில் எழ முடியாமல் தவிப்பது சோம்பலால் அல்ல, உடலின் கடிகாரத்தால். இருக்கிற தூக்கத்திலும் கைவைத்தால் மறதியும் எரிச்சலும் கூடும். இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். செல்போன் படுக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

நம்பிக்கை: திரும்பத் திரும்ப வாசித்தால் மனத்தில் பதிந்துவிடும்.

உண்மை: 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று அழுகிற பிள்ளைக்கு, தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எது என்று அந்தத் தாள் காட்டிவிடும். பதற்றம் தணிய அதுவே பாதி வழி.

நம்பிக்கை: தேர்வு நாளில் வரும் வயிற்றுவலி வெறும் நடிப்பு.

உண்மை: மனம் பதறும்போது குடலின் இயக்கமும் மாறுகிறது, வலி உண்மையானது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் கோளாறு இல்லை என்றால், எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு முன்னால் வலி வருகிறது என்று கவனியுங்கள். பிறகு ‘அந்த வகுப்பில் என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள். கேலி, அடி, புரியாத பாடம் என ஏதோ ஒன்று வெளியே வரலாம்.

நம்பிக்கை: பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டால் ரோஷம் வரும்.

உண்மை: பெரும்பாலும் ரோஷத்தைவிட அவமானமே மிஞ்சும். பிள்ளை மார்க்கை மறைக்கப் பழகும். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. அரசே கைவிட்ட பட்டியலை நாம் வீட்டுக்குள் தொடர்வதில் நியாயமில்லை. ஒப்பிட வேண்டுமென்றால், போன தேர்வின் விடைத்தாளோடு இந்தத் தேர்வின் விடைத்தாளை ஒப்பிடுங்கள்.

நம்பிக்கை: சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று கேட்டால், நாமே அதை விதைத்ததாகிவிடும்.

உண்மை: கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பிள்ளை மனம் திறக்க அது வழிவிடுகிறது. சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். அருகில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், அறிவுரை சொல்லாமல் முழுவதும் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழக அரசின் உதவி எண் 104. இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நம்பிக்கை: இந்தத் தேர்வு போனால் எல்லாம் போச்சு.

உண்மை: தேறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாளின் நகல் பெற்று மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கேட்கலாம். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்றவர், பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழிகளைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். மாற்று வழி தெரிந்த பிள்ளை அலட்சியமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பயம் குறைந்த பிள்ளைதான் நிதானமாக எழுதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘மார்க் எவ்வளவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, முடிவு வந்ததும் முதலில் வீட்டுக்கு வா’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது பிள்ளைக்குத் தெரியாதா என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ரிசல்ட் வரும் நாள் வரை காத்திராமல், இன்றே சொல்லுங்கள்.